ஈசானிய மூலையில் கணப்பு

கட்டிங் மிஷின் சத்தம் நின்னுபோச்சு. காலையிலிருந்து இந்தச் சத்தம் எப்ப ஓயும், எப்ப ஓயும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவ, இப்ப ஓஞ்சதும் இன்னுங் கொஞ்சம் ஓடக்கூடாதான்னு இருக்குது. சத்தம் இருக்கிற வரைக்கும் வேலை பாக்கி இருக்குதுன்னு அர்த்தம். வேலை பாக்கி இருந்தா இவரை இந்தப் பின்னாடி ரூமுலயே வச்சுக்கலாம். ஹால்ல தூசிங்க, வழுக்குதுங்க, மேஸ்திரி நிக்கறாருங்கன்னு எதையாவது சொல்லி ஒரு பொழுதைத் தள்ளலாம். அப்படித்தான் தள்ளிக்கிட்டு வந்தேன் இத்தனை நாளா. இனி என்னத்தைச் சொல்ல. கட்டில்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டுப் போர்வை நுனியை மடிக்கறாரு, நீவி விடறாரு, பிரிக்கறாரு, மறுபடி மடிக்கறாரு. ஏனுங், சித்த கண்ணை மூடுங்களேன்னேன். மூடலாங்க, மூடலாங்கன்னாரு, வழியில பாத்த யாரோ பொம்பளைகிட்டச் சொல்றாப்பல. கட்டிக்கிட்ட நாளா ஏ ருக்கு, இந்தா ருக்குன்னு அதட்டின வாயி. இப்ப சில நாள் ருக்கு வருது, சில நாள் இந்த 'ங்க' வருது. 'ங்க' வந்தா நான் யாருன்னு தெரியலைன்னு அர்த்தம். தெரியலைன்னா என்ன, சோத்தைப் பிசைஞ்சு நீட்டினா வாயைத் தெறக்கறாரு, அது போதும்னு மனசைத் தேத்திக்கிட்டாச்சு. ஏப்பா யாசின், ஆச்சான்னு மேஸ்திரியை இங்கிருந்தே கத்திக் கேட்டேன். ஆச்சும்மா, ஜாயிண்ட்டை அடைச்சு, துடைச்சு உட்டுட்டு, மோட்டாரைப் போட்டுப் பாத்துட்டா முடிஞ்சுது, பொழுது சாயறதுக்குள்ள குடுத்துர்றேன்னு ஹால்ல இருந்து பதில் வருது.

பொழுது சாயறதுக்குள்ளயாம். வேற நேரமே கிடைக்கலை இவனுக்கு. வெயில் இருக்கிற வரைக்கும் இந்த மனுசன் சாதுவா இருப்பாரு, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சாவது படிப்பாரு, கொய்யா மரத்துக்கு வர்ற அணிலைப் பாத்துச் சிரிப்பாரு. கோத்தகிரியில பொழுது எங்க சாயுது, பனிதான் இறங்குது, சன்னல்ல அந்த வெள்ளை வந்து ஒட்டினதும் இவருக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆயிருது. எந்திரிச்சுருவாரு. செருப்பைத் தேடுவாரு. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. வீட்டுக்குப் போலாம், நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம். இதுதானுங்க வீடுன்னா கேப்பாரா? எங்கிட்டயே கதை விடறயான்னு ஒரு பார்வை. கெஞ்சியிருக்கேன், அதட்டியிருக்கேன், கதவைப் பூட்டிச் சாவியை மடியில சொருகிக்கிட்டு அழுதிருக்கேன். ஒரு நாள் அடுப்புல பால் பொங்குதேன்னு நான் அந்தப் பக்கம் திரும்பின நேரத்துல வெளிய போயிட்டாரு, பனியில எதுக்க இருக்கிற வேலியே தெரியலை, நான் ரோட்டுல நின்னு ஏனுங் ஏனுங்னு கத்தறேன், என்ற குரலே என்றகிட்டத் திரும்பி வருது. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாரு, வெறுங்காலோட. ஆட்டோக்காரப் பையன் கூட்டியாந்து விட்டான். அவனையும் திட்டினேன், என்னத்துக்குத் திட்டினேன்னு இன்னைக்கும் தெரியலை. அன்னைக்கு உள்ள வந்தவரு நேரா நடந்து போயி ஹால்ல கணப்புக்கு முன்னால நின்னாரு. மேல இருக்கிற கல்லுப் பலகையில உள்ளங்கையை வச்சாரு. அந்த மூலை உடைஞ்ச இடத்தைக் கட்டைவிரலால தடவினாரு. வந்துட்டோம்னாரு. மூச்சு விட்டாரு பாருங்க, அப்படி ஒரு மூச்சு. அப்பறம் சட்டையைக் கழட்டி மாட்டிட்டு உக்காந்து காப்பி கேட்டாரு. அதுக்கப்பறம் எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு. பொழுதோட எந்திரிச்சு வீட்டுக்குப் போலாம்னா, வாங்க போலாம்னு கையைப் பிடிச்சு ரூமுல இருந்து ஹாலுக்குக் கூட்டிப்போவேன், கணப்புகிட்ட நிறுத்துவேன், கையை எடுத்துக் கல்லு மேல வப்பேன். வந்துட்டோம். தெனமும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பகல் பூராவும் இருக்கேன்.

வெள்ளைக்காரன் அதை ஃபயர் பிளேஸ்ம்பான், எங்க வாயில கணப்புதான். எங்க மாமனாருக்கு உடுமலைப் பக்கம் வாழைத்தோட்டம், அதை வித்துட்டு ஏதோ ஒரு கிறுக்குல இந்த பங்களாவை வாங்கினாரு, எஸ்டேட் தொரை ஒருத்தன் கட்டினது, ஓடு போட்டு, மரத்தரை போட்டு, சன்னலுக்கெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடி. வாங்கினது சரி, பால் காய்ச்சணுமே. சமையக்கட்டைத் தேடறோம், காணோம். தொரைக்குச் சமையல் வீட்டுக்குள்ள ஆகாதாம், வெளிய தனியா ஒரு கொட்டகை, அதுல ஓடு இல்லை, பெருச்சாளி குடியிருக்குது. கல்யாணமாகி மூணு மாசம் எனக்கு, பொடவையை இழுத்துப் போத்திக்கிட்டு நடுங்கறேன். எங்க மாமியா ஹாலுக்கு வந்தாங்க, கணப்பைப் பாத்தாங்க, இந்தா இருக்குதே அடுப்பு, நடு வீட்டுலயே வச்சிருக்கான் பாரு மகராசன்னாங்க. அவ்வளவுதான். மஞ்சத் தண்ணி தெளிச்சு, மூணு கல்லைக் கூட்டி, உள்ள குனிஞ்சு பானையை ஏத்தியாச்சு. புகைபோக்கியை மூடி வச்சிருக்கிற இரும்புத் தகட்டை இழுத்து விடணும்னு ஒருத்தருக்கும் தெரியலை. வீடு பூராவும் புகை. ஐயர் இருமறாரு, ஒறம்பரை சனமெல்லாம் வாசலுக்கு ஓடறாங்க, இவரு மட்டும் மூக்கைத் துண்டால கட்டிக்கிட்டு உள்ள உக்காந்து ஊதறாரு, கண்ணெல்லாம் செவந்து தண்ணி ஒழுகுது, பால் பொங்காம எந்திரிக்கமாட்டேன்னு. பொங்குச்சு. கிழக்கால பொங்குச்சுன்னு மாமியா குலவை போட்டாங்க. அன்னையில இருந்து அது எங்களுக்கு அடுப்புதான், சாமிதான். பொங்கலுக்குப் பொங்கல் காவி பூசி வெள்ளைக் கரை அடிப்பேன். வெள்ளிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் வப்பேன். எங்கூருப் பொம்பளைக வந்து பாத்துட்டு, ஏ ருக்குமணி, வெள்ளைக்காரன் குளிர்காயற எடத்துக்கு நோம்பி கும்பிடறயேன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். மோகன் பொறந்து வீட்டுக்கு வந்தப்ப அது முன்னாலதான் தொட்டிலு. சீகை விறகு எரியும், தொட்டில் ஆடும், இவரு செவரோரமா உக்காந்து கடலை வறுத்து உரிச்சுத் திம்பாரு. பனி பெய்யற மாசத்துல ஹாலை விட்டு யாரும் நகரமாட்டோம். அந்தக் காவியும் வெள்ளைக் கரையும்தான் இவரு மண்டைக்குள்ள நின்னிருக்குது. நான் நிக்கலை. பெத்த பையன் நிக்கலை. சரி, ஏதோ ஒண்ணு நின்னுதே.

அதைத்தான் இடிச்சாச்சு. யாரு இடிச்சது? நான் இல்லை. நான் இல்லைன்னு சொல்லிக்கலாம். மோகன் பூனாவுல இருந்து போன் போட்டான், மருமக ஹேமாவும் பக்கத்துல, அம்மா, ஒருத்தரைப் பாத்தோம், வாஸ்து, திருப்பூர்க்காரரு, ஹேமாவோட அண்ணன் மில்லுக்கு அவருதான் பாத்தாரு, வீட்டுப் பிளானை அனுப்பினோம், பாத்ததும் கேட்டாரும்மா, இந்த வீட்டுல பெரியவருக்குப் புத்தி தடுமாறுதான்னு. நாங்க ஒரு வார்த்தை சொல்லலைம்மா, அவராவே கேட்டாரு. ஈசானிய மூலையில நெருப்பு இருக்குதாம். வடகிழக்கு தண்ணிக்கு உண்டான எடமாம், அங்க நெருப்பு இருந்தா குடும்பத் தலைவனுக்கு நெனப்பு எரிஞ்சுருமாம். நெருப்பை எடுத்துட்டு அங்க செவுத்துல தண்ணி வழியறாப்பல வச்சா நாள்பட நாள்பட நெனப்பு திரும்புமாம். டேய், அம்பது வருசமா இல்லாத ஈசானியமாடான்னேன். ஒனக்கெதுக்குடா இதெல்லாம், நீ இஞ்சினியருக்குப் படிச்சவன்தானேன்னேன். படிச்சா என்னம்மா, அப்பா எனக்கு மட்டும் அப்பா இல்லையான்னு கேட்டான். போன தடவை வந்தப்ப இவரு அவனைப் பாத்து, தம்பி, கேஸ் சிலிண்டரா, பின்னாடி வைய்யின்னாரு. அவன் பின்னாடி போயி நின்னுட்டு வந்தான். அந்தப் பையனை என்னன்னு திட்டறது? அப்பாவுக்கு அதுதாண்டா அடையாளம்னு சொன்னேன், சத்தியமாச் சொன்னேன். புது நெனப்பு வந்துட்டா அடையாளம் எதுக்கும்மான்னான். கோயமுத்தூருல தலை டாக்டரு படத்தை வெளிச்சத்துல காட்டி, இது இப்படித்தாம்மா, இனி கொறையத்தான் கொறையும், பாத்துக்கறதுதான் வைத்தியம்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஒண்ணும் பண்ண முடியாதுன்னு படிச்ச டாக்டர் சொல்றாரு. பண்ணலாம்னு வாஸ்துக்காரன் ஒருத்தன்தான் சொல்றான். நீங்களா இருந்தா யாரு பேச்சைக் கேப்பீங்க? ஒருவேளை, ஒருவேளைன்னு இருந்துச்சு எனக்கு. ஒரு நாள் காலையில எந்திரிச்சு, ஏ ருக்கு, காப்பி எங்க போயித் தொலைஞ்சுதுன்னு அதட்டுவாரோன்னு இருந்துச்சு. சரி பண்ணுடான்னு இந்த வாயாலதான் சொன்னேன். சொல்லாம இருந்தாலும் பண்ணியிருப்பான். ஆனா சொன்னேன்.

மொத அடி விழுந்தப்ப இந்த ரூமுல இவரு காதைப் பொத்தினேன். என்ற காதைப் பொத்தியிருக்கணும். யாரு வீட்டுல இடிக்கறாங்கன்னு கேட்டாரு. பக்கத்து வீட்டுலீங்கன்னேன். பாவம், நல்ல வீடுன்னாரு. அன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போலாம்னு எந்திரிச்சப்ப நான் என்ன பண்ணுவேன்? ஹால் பூரா தார்ப்பாய் தொங்குது, சிமெண்ட் மூட்டை, உள்ள இருந்து வந்த கரி மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது. பஸ் இன்னும் வரலைங்க, வந்ததும் போலாங்கன்னேன். உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல மறுபடி எந்திரிச்சாரு. பஸ் வரலைங்க. இப்படியே கெடந்து கெடந்து ஓஞ்சு தூங்குவாரு. மறுநாள் எனக்கொரு யோசனை, இடிக்கறதுக்கு முன்னால மோகன் கேட்டான்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதை இவரு மூஞ்சிக்கு நேராக் காட்டினேன். பாத்தாரு. நல்லா இருக்குதுங்க, யாரு வீடுன்னாரு. சரி, தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்போலன்னு குப்பையில கெடந்த செங்கல் ஒண்ணை, காவி ஒட்டிக்கிட்டிருந்தது, புடவைத் தலைப்புல தொடைச்சு எடுத்தாந்து இவரு கையில வச்சேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் வச்சிருந்தாரு, எனக்கு உசிரே வந்துச்சு. அப்பறம், இதை எங்க எறக்கணுங்கன்னாரு. லாரியில வந்த கூலியாளாட்ட. நான் அந்தச் செங்கல்லை வாங்கிட்டுப் போயி கொய்யா மரத்தடியில வச்சுட்டு வந்தேன். கல்லுப் பலகை முழுசா வரும்னு நெனச்சேன், அது வரும்போதே ரெண்டாப் பொளந்துருச்சு. அதையாவது வைய்யி யாசின், புதுசுக்கு மேல வைய்யின்னு கெஞ்சினேன். அதெப்படிம்மா நிக்கும், மார்பிள் சீட்டு ஒட்டறது, பின்னாடி தகடு, தண்ணி வழியணும், வெயிட்டு தாங்காதுன்னான். அவன் சொல்றதும் நியாயந்தான். ஒவ்வொருத்தர் சொல்றதும் நியாயமாத்தான் இருக்குது. யாரைப் பிடிச்சு ஒலுக்கறதுன்னுதான் தெரியலை.

இப்ப ஹால்ல வாளி நகர்ற சத்தம். துணியைப் பிழியறான். தண்ணி ஊத்தறான், கொடம் கொடமா ஊத்தறான் தொட்டியில. என்ற பொறுமை ஒழுகறாப்பல இருக்குது. சன்னல்ல இன்னும் வெள்ளை வரலை, தேயிலைக்காட்டு மேல வெயில் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்குது. இருந்துட்டுப் போ, கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போயேன், ஒனக்கு என்ன அவசரம்னு அதையும் திட்டறேன். இருக்குமா? எங்க இருக்கும். ஒருவேளை இவருக்குப் பிடிச்சுப் போயிருமோ? வெள்ளையா, பளபளன்னு, தண்ணி வழிய, லைட்டு மாறி மாறி எரியும்னு ஹேமா சொன்னா. கொழந்தையாட்ட ரசிப்பாரோ? ரசிச்சா? ரசிச்சு என்ன பண்ண, வந்துட்டோம்னு சொல்லணுமே. அதைச் சொல்லலைன்னா வந்தது எங்கன்னு இவருக்குத் தெரியாது. வரவே இல்லைன்னா வழியிலதான நிக்கறாரு. எத்தனை நாளைக்கு ஒரு மனுசன் வழியிலயே நிப்பாரு? இந்தப் பக்கத்துல நான் சோறு போட்டு, குளிப்பாட்டி, மொதுகு தேச்சு விட, அந்தப் பக்கத்துல இவரு வழியில, செருப்பு இல்லாம, பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு. சீ, என்ன நெனப்பு இது. அந்த ஆளு சொன்னாப்பல நெனப்பு திரும்பினா? திரும்பிட்டா மொத வேலையா என்னைத்தான் கேப்பாரு, கணப்பு எங்கடீன்னு. பால் பொங்கின எடத்துல என்னத்தைடி வச்சிருக்கேன்னு. கேக்கட்டும், கேட்டுட்டு நாலு அறை கூட அறையட்டும், திரும்பினாப் போதும். மாரியாத்தா, ஒன்னைக் கேக்கறேன், ஒருத்தன் திருப்பூருல உக்காந்துக்கிட்டு ஒரு பேப்பரைப் பாத்துச் சொன்னது பலிக்கணும்னு ஒன்னை வேண்டிக்கறேன், எனக்கு வெக்கமாத்தான் இருக்குது, ஆனா வேண்டிக்கறேன். எனக்கு வேற யாரைத் தெரியும்?

போன் அடிக்குது. மோகன். அம்மா, ஆன் பண்ணியாச்சா? இல்லைடா. அம்மா, அப்பாவைக் கூட்டிட்டு வர்றப்ப வீடியோ எடும்மா, யாசின் அண்ணன்கிட்டப் போனைக் குடு, அப்பா மொகத்தைக் கிட்டத்துல எடுக்கச் சொல்லு, ஹேமா வாஸ்துக்காரருக்கு அனுப்பணும்ங்கறா. எங்கிருந்து வந்துச்சோ அப்படி ஒரு கோவம். நான் என்னடா ஒங்கப்பனை வச்சு வித்தை காட்டறனா, வைடா போனைன்னு கத்திட்டேன். அப்பறம் மெதுவா, அம்மா, அப்பா சாப்பிட்டாரான்னான். சாப்பிட்டாருடா. நல்லாச் சாப்பிட்டாரு. நீ சாப்பிட்டயா கண்ணு? வச்சுட்டான். இவரு என்னையவே பாத்துக்கிட்டிருக்காரு. பயந்துட்டாரு போல. ஒண்ணுமில்லைங்க, ராங் நம்பருங்கன்னேன். போர்வையை மடிச்சு என்றகிட்ட நீட்டினாரு, எதுக்கு நீட்டினாருன்னு தெரியலை, வாங்கிக்கிட்டேன். ஹால்ல டக்குன்னு ஒரு சத்தம், அப்பறம் உர்ருன்னு மோட்டாரு, அப்பறம் தண்ணி. மழைங்களான்னாரு. இல்லைங்க. மழைதானுங்க, கேளுங்கன்னாரு. கேட்டேன். மழையேதான். எங்க வீட்டுக்குள்ள, ஹால்ல, ஈசானிய மூலையில மழை பெய்யுது. யாசின் கதவுகிட்ட வந்து நின்னு, அம்மா, ஐயாவைக் கூட்டிட்டு வாங்கம்மா, பாக்கட்டும், சூப்பரா வந்திருக்குங்கறான், கையெல்லாம் வெள்ளை சிமெண்ட்டு. நீ போப்பா, நாளைக்கு வா, நாளைக்குப் பேசிக்கலாம்னு அனுப்பிட்டேன். அவன் மொகம் சுண்டிப்போச்சு, பாவம், ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

திரும்பிப் பாத்தா சன்னல்ல வெள்ளை வந்து ஒட்டியிருச்சு. எந்திரிச்சுட்டாரு. காலாலயே செருப்பைத் துழாவறாரு. சட்டைப் பையைத் தொடறாரு. நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம். பஸ் வரலைங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், சொல்லலை. எத்தனை நாளைக்கு? வாங்க போலாம்னு கையைப் பிடிச்சேன். கை சில்லுன்னு இருக்குது. தாழ்வாரத்துல மரத்தரை கிறீச்சுங்குது, அவரு ஒரு அடி வச்சா நான் ஒரு அடி, எப்பவும் போற அதே வழி, அதே செவரு, காலண்டரு, கொடை மாட்டற ஆணி. இவரு இன்னைக்கு வேகமா நடக்கறாரு, எப்பவும் போல அங்க ஒண்ணு இருக்குதுன்னு நம்பிக்கிட்டு நடக்கறாரு. என்னைப் பெத்த ஆத்தா, இந்த மனுசனை நான் எங்க கூட்டிக்கிட்டுப் போறேன்? ஹால்ல யாசின் பெரிய லைட்டை அணைச்சிருந்தான், அழகாத் தெரியட்டும்னு. மூலையில மட்டும் வெளிச்சம். தரையில இருந்து மேல வரைக்கும் வழவழன்னு வெள்ளைக்கல்லு, அது மேல தண்ணி சத்தமில்லாம எறங்கி, கீழ கூழாங்கல்லுல சலசலன்னு விழுகுது, வெளிச்சம் நீலமாகுது, பச்சையாகுது, ஊதாவாகுது. நல்லாத்தான் இருக்குது. அதைச் சொல்லத்தான் வேணும். காவியும் இல்லை, கரியும் இல்லை, ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. இவரு நின்னுட்டாரு. கை தானாவே எந்திரிச்சுச்சு, அந்தப் பலகை இருந்த உசரத்துக்கு. அங்க ஒண்ணும் இல்லை, கை தண்ணிக்குள்ள போச்சு. சடார்னு இழுத்துக்கிட்டாரு. நனைஞ்ச கையைப் பாக்கறாரு, தண்ணியைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. வந்துட்டோம்ங்க, வந்துட்டோம்னு நான் சொல்றேன், நானே சொல்றேன். ஓடுவாருன்னு நெனச்சேன், கத்துவாருன்னு நெனச்சேன், கதவுப் பக்கம் குறுக்க நின்னுக்கிட்டேன். ஓடலை. வேட்டியில கையைத் தொடைச்சுக்கிட்டாரு. சட்டைக் காலரைச் சரி பண்ணினாரு. நிமிந்து நின்னாரு, வருசக்கணக்கா நான் பாக்காத ஒரு நிமிர்வு. சோபாவைப் பாத்து, சுத்திவரப் பாத்துத் தலையாட்டினாரு. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க லாட்ஜைன்னாரு.

லாட்ஜு. தேயிலைக் கம்பெனித் தூளைக் கடைக்கடையா விக்கற உத்யோகம், சேலம், தருமபுரி, திண்டுக்கல்னு மாசத்துல பாதி நாளு லாட்ஜுலதான் படுத்தெந்திரிச்சாரு, அந்தக் காலத்துச் சென்னியப்பனா இவரு என்ற முன்னால நிக்கறாரு. ரூமெல்லாம் வசதியா இருந்துச்சுங்க, சாப்பாடும் நல்லா இருந்துச்சு, கொறை ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க, ஆனா நான் இன்னைக்குக் காலி பண்ணிக்கறேங்கன்னாரு. ஏனுங்க, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமேன்னு சொல்றேன், என்ற வாய்தான் சொல்லுது. இல்லைங்க, வீட்டுல சம்சாரம் தனியா இருப்பாங்க. இருந்தா என்னங்க, பெரிய மனுசிதானேன்னேன். சிரிச்சாரு. கிட்டத்துல வந்தாரு, வேற யாரு காதுலயும் விழக்கூடாதுங்கறாப்பல குரலைத் தாழ்த்தினாரு. பயந்த சுபாவமுங்க அவளுக்கு. உடுமலைப் பக்கம், வெட்டவெளியில வளந்தவ, இந்த மலையும் பனியும் அவளுக்கு ஆகாது, வந்த நாள்ல இருந்தே ஆகாது. வெளிய காட்டிக்க மாட்டா. ஊர்ல இருக்கிறவன் பூராத்தையும் சத்தம் போடுவா, என்னையும் போடுவா, எல்லாரும் அவளைக் கோவக்காரின்னு நெனச்சுக்கறாங்க. அது கோவம் இல்லைங்க, பயம். பயம் வந்தாத்தான் அவ சத்தம் போடுவா. எனக்கு மட்டுந்தான் தெரியும், எனக்குத் தெரியும்கறது அவளுக்கே தெரியாது.

நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. பெத்த தாய்கிட்டச் சொன்னதில்லை. இவரு ஊருக்குப் போன ராத்திரியெல்லாம் தலைமாட்டுல அருவாளை வச்சுக்கிட்டு, ஓட்டு மேல கொய்யாப்பழம் விழுந்தாக்கூடத் திடுக்குனு எந்திரிச்சு உக்காந்திருந்ததை இந்த வீட்டுச் செவுத்துக்குக்கூடத் தெரியாம வச்சிருந்தேன்னு நெனச்சேன். திங்கக்கிழமை வரவேண்டிய மனுசன் சனிக்கிழமையே வந்து நிப்பாரு, வேலை சீக்கிரம் முடிஞ்சுதும்பாரு, ஒழுங்கா உத்யோகம் பாக்கறதில்லையான்னு அதுக்கும் திட்டியிருக்கேன். நீலம் வருது, பச்சை வருது. நான்தானுங்க அது, நான்தான் ருக்குன்னு சொல்லிரலாமா? சொன்னா யாரோ ஒரு லாட்ஜ்காரப் பொம்பளை கையைப் பிடிச்சு இழுக்கறான்னுதான நெனப்பாரு. பனி எறங்கிப்போச்சுங்க, இதுக்கு மேல மலைக்குப் பஸ் இல்லைங்க, காலையில மொத பஸ்ஸுக்கு அனுப்பி வக்கறேனுங்கன்னேன். சன்னலைப் பாத்தாரு. அப்படிங்களான்னாரு. மொகம் வாடிப்போச்சு. யோசிச்சு யோசிச்சு, அப்ப ஒரு ஒதவி பண்ணுங்க, அவளுக்கு ஒரு போன் போட்டு, நான் பத்திரமா இருக்கேன்னு மட்டும் சொல்லிருங்க, இல்லாட்டி அவ தூங்கமாட்டான்னாரு. சொல்லிர்றேனுங்கன்னேன். நகரலை அவரு. நான் போடற வரைக்கும் அங்கயே நிப்பாருன்னு தெரிஞ்சுது. இடுப்புல இருந்து போனை எடுத்தேன். காதுல வச்சேன். ஹலோ, சென்னியப்பன் சார் வீடுங்களா? அம்மா, ஒங்க வீட்டுக்காரரு இங்கதான் இருக்காருங்க. பத்திரமா இருக்காருங்க. சாப்பிட்டாருங்க. நாளைக்குக் காலையில வந்துருவாருங்க, நீங்க பயப்படாமத் தூங்குங்க. போனை எறக்கினேன். என்னங்க சொன்னா, சத்தம் போட்டாளான்னு கேட்டாரு. இல்லைங்கன்னேன்.